மழுங்காத உளி: தேவைக்கு மேல் கருவி வாங்கும் பழக்கம் பற்றி ஓர் எளிய விளக்கம்

ஆயுத பூசைக்கு முதல்நாள் மாலையில், பட்டறையிலுள்ள கருவிகள் எல்லாவற்றையும் வெளியே எடுத்துத் துடைத்து, வாங்கிலின்மேல் வெள்ளைத் துணி விரித்து அடுக்கிவைப்பது எங்கள் வீட்டு வழக்கம். வேலைக்குப் போகும் கருவிகளைத் துடைப்பதற்கு நேரமெடுக்கும். அவற்றில் பிசினும் கைவியர்வைக் கறையும் ஏறியிருக்கும். வேலைக்குப் போகாதவற்றைத் தூசி போக ஊதிவிட்டால் போதும். கடந்த முறை ஆறு உளிகள் அடங்கிய பெட்டி ஒன்றைத் திறந்தபோது, அரை அங்குல உளியும் ஓரங்குல உளியும் தீட்டித் தீட்டி ஒரு விரற்கடை அளவு குட்டையாகிப்போயிருக்க, மற்ற நான்கின் அலகிலும் தொழிற்சாலையில் பூசிய பளபளப்பு சற்றும் குலையாமல் இருந்தது. வாங்கி ஒன்பது ஆண்டுகளாகியும் மரத்தைத் தொடாத அந்த நான்கு உளிகளும் எதற்காக என்னிடம் வந்து சேர்ந்தன என்று யோசித்ததன் விளைவே இக்கட்டுரை.

தச்சு வேலையைப் புதிதாகப் பழகுபவர்களிடமும் அதனை ஓய்வுநேர ஈடுபாடாகக் கொண்டவர்களிடமும் பரவலாகக் காணப்படும் பழக்கம் ஒன்று உண்டு. செய்யவேண்டிய வேலை ஒன்று இருந்து, அதற்குக் கருவி போதாமல் வாங்குவது இயல்பான ஒழுங்கு. அந்த ஒழுங்கு தலைகீழாகி, கருவியை முதலில் வாங்கிவிட்டு அதற்கு ஒரு வேலையைத் தேடுகின்ற நிலைதான் நாம் இங்கே பேசுகின்ற பழக்கம். இது தச்சர்களுக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்க இசைக்கலைஞரான வால்டர் பெக்கர் 1994 இல் கிற்றார் வாசிப்பவர்களுக்கான சஞ்சிகை ஒன்றில், வாசிப்பதைவிடக் கிற்றார் வாங்குவதில் மும்முரமாக இருப்பவர்களைக் கேலிசெய்து, அதனை ஒரு நோயாகப் பாவித்து, ‘கிற்றார் வாங்கும் நோய்’ என்று பொருள்படும் ‘ஜி.ஏ.எஸ்.’ என்ற மூன்றெழுத்துச் சுருக்கப் பெயரையும் சூட்டினார். ஆங்கிலத்தில் அதனைச் சேர்த்து வாசித்தால் வயிற்று வாய்வைக் குறிக்கும் சொல்லாகிவிடும் என்பது அவர் வேண்டுமென்றே வைத்த பகிடி. அந்தப் பெயர் பின்னர் ஒளிப்படக்காரர்களுக்கும் தச்சர்களுக்கும் பொதுவாகிவிட்டது.

தொடர்ந்து செல்லுமுன் ஒரு தவறான விளக்கத்தை நீக்கிவிட வேண்டும். கருவிகள் பலவாக இருப்பது தன்னளவில் குற்றமன்று. கோவில் தேருக்கோ வாகனத்துக்கோ சிற்பம் செதுக்குபவரின் பெட்டியைப் பார்த்தால், ஒன்றுபோலவே தோன்றும் நகவுளிகள் பத்து, இருபது என்று வரிசையாக இருக்கும். கூர்ந்து பார்த்தால் ஒவ்வொன்றின் வளைவும் வேறாக இருக்கும். தாமரை இதழின் விளிம்புக்குப் பொருந்துகின்ற வளைவு யாளியின் பிடரிமயிருக்குப் பொருந்தாது. அந்த எண்ணிக்கையை வேலை தீர்மானித்தது, கடை தீர்மானிக்கவில்லை. பலகைகளை ஒட்டி ஐந்தடி நீள மேசைத்தட்டு ஒன்றைச் செய்பவர், ஏறக்குறைய அடிக்கு ஒன்றாக ஐந்தாறு கிளாம்புகளை இறுக்கித்தான் ஆகவேண்டும். அவரைப் பார்த்து ஆசை பிடித்தவர் என்று சொல்வது அநியாயம். ஆகவே எத்தனை கருவிகள் இருக்கின்றன என்று கேட்பதால் பயனில்லை. அவற்றுள் எத்தனை மழுங்கியிருக்கின்றன என்று கேட்கவேண்டும்.

இனி, இப்பழக்கம் எவ்வாறு தோன்றுகிறது என்பதைப் பார்ப்போம். என்னுடைய அனுபவத்தில் இதன் ஆணிவேர், கைப்பழக்கத்தின் குறையைக் கருவியின் குறையாக எண்ணிவிடுவதில் இருக்கிறது. கதிரைக்காலில் துளை வெட்டும்போது உளி மரத்தை வெட்டாமல் நசுக்கினால், துளையின் ஓரம் பிய்ந்து நார்நாராக வரும். பழகுபவருக்கு உடனே தோன்றுவது, ‘இந்த உளி சரியில்லை, இதைவிட நல்ல உளி வேண்டும்’ என்பதுதான். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்ற கதைதான் இது. ஆனால் தச்சு வேலையில் அது பொய் என்று உடனே தெரியவராது என்பதுதான் சிக்கல். ஏனென்றால் கடையிலிருந்து புதிதாக வந்த உளி, பழைய மழுங்கல் உளியைவிட ஓரிரு நாட்களுக்கு உண்மையாகவே நன்றாக வெட்டும். அதன்பின் அதுவும் மழுங்கும், மறுபடியும் கடைக்குப் போகத் தோன்றும்.

இந்த இடத்தில் தீட்டுதல் என்பது என்ன என்று சற்று விரிவாகச் சொல்லவேண்டும்; இது விளங்கினால் மற்றவை தாமாக விளங்கும். பெரும்பாலான உளிகள் ஏறத்தாழ 25 பாகைச் சரிவில் சாணை பிடிக்கப்பட்டுக் கடைக்கு வருகின்றன. அந்தச் சரிவில் சாணை பிடித்த கோடுகள் வெறுங்கண்ணுக்கே தெரியும். அது வெட்டும் வாயாக இன்னும் முற்றுப்பெறவில்லை. முதலில் உளியின் தட்டையான முதுகை, முனையிலிருந்து ஓர் அங்குலம் வரையாவது, கல்லில் வைத்துத் தேய்த்து ஒரே மட்டமாக்க வேண்டும். பிறகு சரிவுப் பக்கத்தைக் கல்லில் வைத்து, பிடியைச் சற்று உயர்த்தி, ஏறத்தாழ 30 பாகையில் நுனியை மட்டும் தேய்க்க வேண்டும். சிறிது நேரத்தில் முதுகுப்பக்கம் விரலால் தடவினால் மெல்லிய பிசிறு ஒன்று தட்டுப்படும். சரிவு நுனிவரை சென்றுவிட்டது என்பதற்கு அதுவே அடையாளம். அந்தப் பிசிறை முதுகுப்பக்கமாகவும் சரிவுப்பக்கமாகவும் மாறிமாறித் தேய்த்து, மென்மையான கல்லிலும் கடைசியாகத் தோல்வாரிலும் இழுத்து நீக்கினால், உளி முன்கை மயிரை மழிக்கும். பழகிய கைக்கு இது 5 நிமிட வேலை. பழகாத கைக்கு ஒரு மாதப் பயிற்சி வேண்டும், அந்த ஒரு மாதத்தில் கையில் காட்டுவதற்கு எந்தப் பொருளும் இருக்காது. கடைக்குப் போய்வருவதோ அரை மணித்தியாலத்தில் முடிந்துவிடும், கையில் ஒரு பெட்டியும் இருக்கும். பயிற்சியை விட்டு மனம் கடைப்பக்கம் திரும்புவதற்கு வேறு காரணம் தேடவேண்டியதில்லை.

என் பெரியப்பா தொழில்முறைத் தச்சர். நான் அந்த ஆறு உளிப் பெட்டியை வாங்கிக்கொண்டுபோய் அவரிடம் காட்டியபோது, ஒவ்வொன்றாக எடுத்து நகத்தில் வைத்துப் பார்த்தார். நல்ல உருக்கு என்று ஒப்புக்கொண்டார். பிறகு சொன்னார்: “தம்பி, உளி காணும். கல்லுத்தான் காணாது.” என்னிடம் அப்போது இருந்தது, மத்தியில் குழி விழுந்த பழைய சாணைக்கல் ஒன்று மட்டுமே. அந்தக் கல்லை மட்டமாக்கவும் எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

இரண்டாவது காரணத்துக்கு ஒரு பிரெஞ்சுக்காரர் பெயர் தந்திருக்கிறார். 18 ஆம் நூற்றாண்டு மெய்யியலாளரான தெனி டிடரோவுக்கு அழகிய செந்நிற அங்கி ஒன்று கிடைத்தது. அதை அணிந்துகொண்டு அறையைப் பார்த்தபோது, அங்கிக்கு முன்னால் பழைய கதிரை அசிங்கமாகத் தெரிந்தது. கதிரையை மாற்றினார், மேசை அசிங்கமாகத் தெரிந்தது. இப்படியே ஒன்றன்பின் ஒன்றாக அறை முழுவதையும் மாற்றிய பின்னர், பழைய அங்கியை நினைத்து வருந்தி 1769 இல் ஒரு கட்டுரை எழுதினார். ஒரு புதிய பொருள் தனக்குப் பொருத்தமான வேறு பொருட்களையும் வீட்டுக்குள் இழுத்துவரும் இந்தத் தன்மைக்கு, மானிடவியலாளரான கிரான்ட் மக்கிராக்கன் 1988 இல் ‘டிடரோ விளைவு’ என்று பெயரிட்டார். தச்சுப் பட்டறையில் இதன் இன்றைய வடிவம் மின்கலத்தில் ஓடும் கருவிகள்தான். ஒரு நிறுவனத்தின் 18 வோல்ற் ட்றில்லை வாங்கினால் அதனோடு மின்கலமும் மின்னேற்றியும் வரும். அந்த மின்கலம் பெரும்பாலும் அதே நிறுவனத்தின் கருவிகளுக்கு மட்டுமே பொருந்தும். பிறகு வட்டவாள், கிறைண்டர், தேய்க்கும் மெசின் எல்லாவற்றையும் மின்கலம் இல்லாமல் ‘வெறுங்கருவியாக’ மலிவாக வாங்கலாம் என்று கடைக்காரர் சொல்லும்போது, வாங்காமல் விடுவதுதான் நட்டம்போலத் தோன்றும். கையில் உள்ள மின்கலத்தை வீணாக்கக்கூடாது என்ற சிக்கன எண்ணமே செலவாக மாறுகிறது.

இதோடு சேர்த்துச் சொல்லவேண்டியது இலக்கமிடுதலின் கவர்ச்சி. மரம் இழைக்கும் இரும்புச் சீவுளிகளை வடிவமைத்த லெனார்ட் பெய்லியின் காப்புரிமைகளை 1869 இல் அமெரிக்காவின் ஸ்ரான்லி நிறுவனம் வாங்கி, சிறியதிலிருந்து பெரியதுவரை 1 முதல் 8 வரை இலக்கமிட்டு விற்றது. 4 ஆம் இலக்கம் ஏறத்தாழ 9 அங்குல நீளமான மெருகுச் சீவுளி. 5 ஆம் இலக்கம் 14 அங்குலம், பொதுவேலைக்கு உரியது. 7 ஆம் இலக்கம் 22 அங்குலம், நீண்ட பலகையின் விளிம்பை நேராக்குவதற்கு உரியது. இந்த மூன்றுடன் வாழ்நாள் முழுவதும் தளபாடம் செய்துவிடலாம்; தொடங்குபவர் 5 ஆம் இலக்கம் ஒன்றுடனேயே ஓராண்டைக் கடத்தலாம். ஆனால் 4, 5, 7 என்று வைத்திருப்பவரின் கண் இடையில் விடுபட்ட 6 இல்தான் போய் நிற்கும். 1 ஆம் இலக்கச் சீவுளி ஐந்தரை அங்குலம்தான், கையால் சரியாகப் பிடிக்க இடம் போதாது, அதனால் வேலை செய்வோர் அரிது. சேகரிப்பவர்கள் மிக அதிக விலை கொடுத்துத் தேடுவது அதனைத்தான்.

இவை எந்த நாட்டுத் தச்சருக்கும் பொதுவான காரணங்கள். யாழ்ப்பாணத்தவருக்கு இவற்றுக்கு மேலதிகமாக ஒரு காரணம் இருக்கிறது, அதை இங்கு வாழ்ந்தவர்களால்தான் எளிதில் விளங்கிக்கொள்ள முடியும். 1990 களில் குடாநாட்டின்மீது பொருளாதாரத் தடை இருந்தது. சீமெந்து, எரிபொருள், மின்கலம் எதுவும் தாராளமாக வராது, மின்சாரமும் இல்லை. ஜாம் போத்தல் விளக்கில் படித்த தலைமுறை நாங்கள். கைவாளின் பல் ஒன்று உடைந்தால் வேறு வாள் வாங்குவோம் என்ற எண்ணமே அன்று எவருக்கும் வராது. 2002 இல் குடாநாட்டுக்கான தரைவழியான ஏ-9 வீதி திறந்து பொருட்கள் வந்தன. 2006 இல் மீண்டும் மூடப்பட்டது. 2009 இன் பின்னர்தான் மறுபடி திறந்தது. 2022 இல் பொருளாதார நெருக்கடி வந்து, 200 ரூபாயளவில் இருந்த டொலர் சில மாதங்களில் 360 ரூபாயைத் தொட்டபோது, இரும்புக் கடைகளில் காலையில் கேட்ட விலை மாலையில் இல்லை. ‘இருக்கும்போது வாங்கிவை’ என்ற பாடத்தை மூன்று தடவை படித்தவர்கள், தேவையில்லாத சீவுளி ஒன்றைக் கண்டாலும் வாங்கி வைக்கத்தான் செய்வார்கள். இதைப் பேராசை என்று சொல்ல எனக்கு மனமில்லை. பயம் என்றுதான் சொல்வேன்.

ஆனால் இதே காலம் இதற்கு நேர்மாறான ஒன்றையும் எனக்குக் காட்டியது. 1995 ஒக்ரோபர் 30 ஆந் திகதி போரினால் வலிகாமம் முழுவதும் ஒரே இரவில் இடம்பெயர்ந்தபோது, கொக்குவிலிலிருந்து நாங்களும் நாவற்குழிப் பக்கமாக நடந்தோம். பெரியப்பாவின் சைக்கிள் கரியரில் ஒரு சாக்கு. உரும்பிராய்க்காரர், மானிப்பாய்க்காரர் என்று எல்லோரும் நெருக்கியடித்த அந்த வீதியில், ஓரடி நகர்வதற்குப் பத்து நிமிடம் எடுத்தது, சுமையைக் குறைப்பதற்காகப் பலர் பொருட்களை வேலியோரம் வைத்துவிட்டுப் போனார்கள். மீசாலையில் ஒரு வீட்டு விறாந்தையில் அந்தச் சாக்கை அவிழ்த்தபோது உள்ளே இருந்தவை: ஒரு கைவாள், ஒரு சீவுளி, இரண்டு உளி, ஒரு வாய்ச்சி, ஒரு மூலைமட்டம், ஒரு முக்கோண அரம், ஒரு சாணைக்கல். எட்டுச் சாமான்கள். உளியைத் தட்டும் மரச்சுத்தியலான கொட்டாப்புளியைக் காணாமல் நான் கேட்டேன். அதை எந்தப் பூவரசிலும் வெட்டிக்கொள்ளலாம் என்றார், அடுத்தநாள் வெட்டியும் கொண்டார். அந்த எட்டில் அரம் வாளின் பல்லைத் தீட்டுவதற்கு, கல் மற்றவற்றின் வாயைத் தீட்டுவதற்கு; அதாவது அவர் சுமந்த கருவிகளில் கால்பங்கு, மரத்தை ஒருபோதும் தொடாதவை. அந்த எட்டுடன் அங்கிருந்த மாதங்களில் கதவு, வாங்கில், முக்காலி என்று அவர் செய்த பொருட்களை நான் எண்ணிவைக்கவில்லை. (தச்சர்கள் தங்கள் பெட்டியை ‘ஆயுதப் பெட்டி’ என்பார்கள். பின்னாளில் சோதனைச் சாவடிகளில் அந்தச் சொல் வாயில் வந்துவிடாதபடி அவர் மிகக் கவனமாக இருந்தார்.)

வல்லவனுக்குப் புல்லும் ஆயுதம் என்று முடித்துவிடலாகாது. புல்லால் துளை வெட்ட முடியாது. வல்வெட்டித்துறை ஓடாவிமார் மின்கருவி எதுவுமின்றிக் கட்டிய ‘அன்னபூரணி’ என்ற பாய்க்கப்பல், 1938 இல் அமெரிக்காவின் குளொஸ்ரர் துறைமுகம்வரை சென்றது என்பது இங்கு பலரும் பெருமையுடன் சொல்லும் செய்தி. அவர்களிடம் கருவி இல்லாமல் இருக்கவில்லை. வேண்டிய கருவி இருந்தது, அதன் வாயும் கூராக இருந்தது.

வெளிநாட்டு உறவுகள் கொண்டுவரும் கருவிகளைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லவேண்டும், ஏனெனில் எங்கள் பட்டறைகளில் கேட்காமல் வந்து சேர்பவை அவைதான். ரொறன்ரோவிலிருந்து மச்சான் ஒரு வட்டவாள் கொண்டுவந்து தந்தார். கனடாவில் வீட்டு மின்சாரம் 120 வோல்ற், 60 ஹேர்ட்ஸ். இலங்கையில் 230 வோல்ற், 50 ஹேர்ட்ஸ். அதைப் பார்க்காமல் ஆசையில் நேரே செருகிய நான், இரண்டு விநாடி கேட்ட உறுமலையும் பின்னர் எழுந்த புகையையும் இன்றும் மறக்கவில்லை. மின்மாற்றி வாங்கியிருந்தால் தப்பியிருக்கும். ஆனால் அந்த வாளின் வலுவுக்கு ஈடான மின்மாற்றி, இங்கேயே ஒரு வாள் வாங்கும் விலைக்குக் கிட்ட வந்திருக்கும். ஐரோப்பாவிலிருந்து வருபவை பெரும்பாலும் 230 வோல்ற் என்பதால் அந்தச் சிக்கல் இல்லை.

அதிகமாக இருந்தால் என்ன, கிடந்துவிட்டுப் போகட்டுமே என்று கேட்கலாம். உயர்தரத்தில் பொருளியல் படித்தவர்களுக்கு ‘அமையச் செலவு’ என்ற சொல் நினைவிருக்கும்: ஒன்றைத் தெரிவு செய்யும்போது கைவிட நேர்ந்த அடுத்த சிறந்த தெரிவின் பெறுமதி அது. நான்கு உளிகளின் அமையச் செலவு எனக்குப் பலகை. மரம் பழுதாகிவிடும் என்ற பயமில்லாமல் வெட்டிப் பழகுவதற்கு வேண்டிய பலகையை அந்தக் காசுக்கு வாங்கியிருக்கலாம். கை தேறுவது அதனால்தான். இரண்டாவது நட்டம் துரு. எங்கள் உப்புக்காற்றில் பாவிக்காத இரும்பு ஒரு மாரியிலேயே செம்புள்ளி போடும். தினமும் கைபட்டு, எண்ணெய் பட்டுக்கொண்டிருக்கும் கருவி தப்பிவிடும். தையல் மெசின் எண்ணெயை மெல்லியதாகத் தடவி வைப்பது நல்லது, ஆனால் முப்பது கருவிகளுக்கு எண்ணெய் தடவும் ஞாயிற்றுக்கிழமை தச்சு வேலை செய்யும் ஞாயிற்றுக்கிழமையாக இருக்காது.

விற்றுவிடலாம் என்றாலோ மனம் வராது. கானமன், நெட்ச், தேலர் ஆகிய மூன்று ஆய்வாளர்கள் 1990 இல் வெளியிட்ட பரிசோதனையில், மாணவர்களில் ஒரு பகுதியினருக்குக் கோப்பை ஒன்று இலவசமாகக் கொடுக்கப்பட்டது. அதை விற்பதற்கு அவர்கள் கேட்ட விலை, கோப்பை கிடைக்காதவர்கள் வாங்குவதற்குத் தரச் சம்மதித்த விலையின் இரு மடங்குக்கும் மேலாக இருந்தது. கைக்கு வந்து சில நிமிடங்களே ஆன கோப்பைக்கே இந்த நிலை. அயலவர் ஒருவர் என் மூன்றாவது சீவுளியை விலைக்குக் கேட்டபோது, நான் சொன்ன விலையை நானே ஒருபோதும் கொடுத்து வாங்கியிருக்கமாட்டேன்.

புதிதாகத் தொடங்குபவர் என்ன செய்யலாம் என்பதற்கு என்னிடம் உள்ள ஆலோசனை சிறியது. கருவிகளின் பட்டியலை எழுதாமல், முதலில் செய்யப்போகும் பொருளை எழுதுங்கள்: ஒரு முக்காலி என்று வைத்துக்கொள்வோம். அதற்கு வேண்டியவை கைவாள், சீவுளி, அரை அங்குல உளி, கொட்டாப்புளி, மூலைமட்டம், அளவுநாடா, துளைக்க ஏதாவது ஒன்று. இவற்றோடு, இவை எல்லாவற்றுக்கும் முன்னதாக, நல்ல கல். கழுந்தின் (துளைக்குள் பொருந்தும் மர நாக்கின்) அளவை உங்களிடம் உள்ள உளியின் அகலத்துக்கு ஏற்ப வைத்துக்கொள்ளலாம் என்பதைப் பலர் யோசிப்பதில்லை; நான்கு நூல் (அரை அங்குல) உளி இருந்தால் நான்கு நூல் கழுந்து. புதிதாக ஒரு கருவி தேவைப்படுவதாகத் தோன்றினால், முதல் தடவை இருப்பதைக்கொண்டு சமாளியுங்கள், இரண்டாம் தடவை இரவல் கேளுங்கள், மூன்றாம் தடவையும் அதே தேவை வந்தால் தயங்காமல் வாங்குங்கள், அப்போது மலிவானதை வாங்காதீர்கள். பனை வைரத்தில் வேலை செய்யப் போகிறவர்களுக்கு மட்டும் ஒரு விலக்குத் தருவேன்: அந்தக் கறுத்த நார் உளியின் வாயை மிக விரைவாகத் தின்றுவிடும், ஒரே அளவில் இரண்டு உளி இருப்பது அங்கே ஆடம்பரமன்று.

இரவல் கேட்பதைப் பற்றிச் சொன்னேன். கொடுப்பதைப் பற்றியும் சொல்லவேண்டும். பூசை முடிந்த வாரம், எங்கள் ஒழுங்கையில் யன்னல் சட்டம் செய்து பழகும் பெடியன் ஒருவன் கால் அங்குல உளி கேட்டு வந்தான். பளபளப்புக் குலையாத நான்கில் ஒன்றைக் கொடுத்தேன். பதினைந்து நாள் கழித்துக் கொண்டுவந்து தந்தபோது, ஆணி ஒன்றில் பட்டு வாயில் சிறிய பல் விழுந்திருந்தது, அலகில் வேப்பம் பிசின் ஒட்டியிருந்தது. மன்னிப்புக் கேட்டான். நான் அவனை வாங்கிலில் இருத்தி, கல்லில் தண்ணீர் தெளித்து, அந்த உளியை முதன்முறையாகத் தீட்டத் தொடங்கினேன்.